இரண்டு தட்டு, பிறகு இரண்டு தட்டு

அந்த வீட்டில் காலை ஒன்பது மணிக்கே இரவாகிவிடும்.

நிஜமான இரவில் படம் எடுக்க எங்களுக்கு வசதி இல்லை. இரவென்றால் பெரிய விளக்குகள் வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும், வேலை முடிந்தவர்கள் படுக்க இடம் வேண்டும். அதனால் டைரக்டர் கறுப்புக் குடைத் துணியைச் சுருள் சுருளாக வாங்கி வந்து ஜன்னல், வாசல், காற்று வரும் ஓட்டை என்று ஒன்று விடாமல் ஆணியடித்து மூடச் சொன்னார். உள்ளே இரண்டே விளக்கு. ஒன்றின் மேல் நீலக் காகிதம் ஒட்டினால் அது நிலா. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். எதிர்ப் பட்டறையில் லாரி டயருக்குக் காற்றடிப்பார்கள், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும். உள்ளே மட்டும் நடுநிசி. சாப்பிட வெளியே வரும்போது கண் கூசி, கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு திருடர்கள் போல நிற்போம்.

தெருச் சத்தம் எங்களுக்குத் தொந்தரவே இல்லை, ஏனென்றால் நாங்கள் சத்தத்தைப் பதிவு செய்யவில்லை. மைக்கும் அதற்கொரு ஆளும் வீண் செலவு என்று டைரக்டர் முடிவு கட்டியிருந்தார். எல்லாம் எடுத்து முடித்த பிறகு பேச்சு, அலறல், கதவு கிரீச்சிடுவது எல்லாவற்றையும் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாமாம். படத்தில் நடித்த என் அக்காவின் வாய்க்கு வேறு ஒரு பெண் குரல் கொடுப்பாள். அதனால் கேமரா ஓடும்போதே டைரக்டர் பேசிக்கொண்டிருப்பார். நட, திரும்பு, பயப்படு, இன்னும் கொஞ்சம் பயப்படு என்பார். யாராவது இருமுவார்கள், யாருடைய போனாவது அடிக்கும். கண்ணுக்குத் தெரிவது சரியாக இருந்தால் போதும். காதுகொடுத்துக் கேட்க அங்கே யாருக்கும் வேலை இல்லை.

படம் பேய் வீட்டுப் படம். புதிதாகக் குடிவந்த ஒரு மனைவியை வீடே அறை அறையாக விழுங்குகிறது. மனைவியாக நடித்தவள் என் அக்கா. புருஷனாக நடித்தவர் டைரக்டரின் மச்சான், செல்போன் கடை வைத்திருப்பவர். டைரக்டருக்கு இது முதல் படம். அதற்கு முன் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பேய் துரத்தும் காட்சியில்கூடப் பழக்கதோஷத்தில் "மாப்பிள்ளை, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்றுவிடுவார். நான் மேக்கப். அக்காவின் கண்ணுக்குக் கீழே கருவளையம் வரைவதும், கழுத்தில் விரல் பதிந்த தடம் போடுவதும் என் வேலை. அதோடு அவளுடைய இன்ஹேலரை என் சட்டைப் பையில் வைத்திருப்பதும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. படத்தில் அவள் போட்டிருந்த வெள்ளை நைட்டியில் பை கிடையாது.

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் எழும்பாது. பௌடர் தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூட அக்காவின் காதில்தான் ஓதுவேன். அவள் ஊருக்கே கேட்கும்படி அறிவிப்பாள். "உனக்கும் ஒரு ஆளைப் பிடிச்சு டப்பிங் பேச வைக்கணும்டி பொடிசு" என்பாள். பொடிசு என்று என்னைக் கூப்பிடுவது உலகத்தில் அவள் ஒருத்திதான்.

அவள் பிறக்கும்போதே நடிகை. நாலு வயதில் மயங்கி விழுந்து காட்டுவாள், அம்மா பதறி ஓடி வந்ததும் ஒரு கண்ணைத் திறந்து சிரிப்பாள். அவளுக்குப் பத்து வயதில் எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் உள்ளே சிக்கிக்கொண்டது. கத்தினாள், அழுதாள், கதவைப் பிறாண்டினாள். அம்மாவும் நானும் வெளியே நின்று சிரித்தோம். சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம். கதவை உடைத்துத் தூக்கியபோது அவள் உதடு நீலமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "இனிமே நான் கத்தினா நம்பாதே. தட்டினா நம்பு. ரெண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி, ரெண்டு தட்டு. அப்படித் தட்டினா நடிப்பு இல்ல, நிஜம். எந்தக் கதவா இருந்தாலும் நீ திறந்துடணும்." திறக்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். அப்போது எனக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு இரண்டு முறை அவள் அப்படித் தட்டியிருக்கிறாள். இரண்டு முறையும் நான் திறந்திருக்கிறேன்.

ஆறாவது நாள் எடுக்க வேண்டியது அலமாரிக் காட்சி.

மாடியறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மர அலமாரி இருந்தது. ஒரு காலத்தில் அது பக்கத்து அறைக்குப் போகும் வாசல். யாரோ பின்பக்கம் பலகை அடித்து மூடி, முன்பக்கம் கதவு வைத்து அலமாரி ஆக்கியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் டைரக்டருக்கு யோசனை பிறந்துவிட்டது. மனைவி பயந்து அலமாரிக்குள் ஒளிகிறாள், கதவு சாத்திக்கொள்கிறது, புருஷன் ஓடி வந்து திறக்கிறான், உள்ளே ஆள் இல்லை. கேமராவை நிறுத்தாமல் ஒரே ஷாட்டில் எடுத்தால் பார்க்கிறவன் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான் என்றார். தச்சரைக் கூட்டி வந்து பின்பலகையை அறுத்து, கீல் போட்டு, தள்ளினால் பக்கத்து அறைப் பக்கம் திறக்கும்படி செய்தார்கள். அக்கா முன்னால் நுழைந்து பின்னால் போய்விட வேண்டும். அவ்வளவுதான்.

சாவி கொடுத்த அன்று வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். எங்கே வேண்டுமானாலும் ஆணி அடியுங்கள், சுவரில் என்ன வேண்டுமானாலும் பூசுங்கள், அந்த அலமாரிக் கதவை மட்டும் சாத்தி வைக்காதீர்கள் என்றார். ஏன் என்று டைரக்டர் கேட்டதற்கு, மரம் உப்பிக்கொள்ளும், பிறகு திறக்க வராது என்றார். அந்தக் கதவு எப்போதும் திறந்தே நிற்கும்படி ஒரு கயிறு போட்டுச் சுவர் ஆணியில் கட்டியிருந்தது. கயிறு உரசிய இடத்தில் மரம் விரல் ஆழத்துக்குத் தேய்ந்திருந்தது. எத்தனை வருஷமாக அப்படிக் கட்டி வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. தச்சர் கயிற்றை அறுத்து எறிந்தார்.

ஒத்திகை நன்றாகவே போனது. கதவைச் சாத்தாமலேயே அக்கா உள்ளே போனாள், பக்கத்து அறை வழியாக வந்து நின்று டீ கேட்டாள். அலமாரிக்குள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஃப்ரிட்ஜுக்குள்ள நிக்கிற மாதிரி ஜில்லுனு இருக்குடி. வெயிலுக்கு அங்கேயே குடியிருக்கலாம்" என்றாள். அந்த மூடிய வீட்டில் மற்ற எல்லோரும் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தோம்.

முதல் டேக். அவள் முகத்தைக் கடைசியாக ஒற்றிவிட்டு நான் அலமாரியின் பக்கவாட்டில், கேமராவுக்குத் தெரியாமல் குந்தி உட்கார்ந்தேன். அக்கா முதுகு காட்டியபடி பின்னோக்கி நடந்து வந்தாள். நீல வெளிச்சத்தில் அவள் கழுத்தில் நான் வரைந்த தடம் எனக்கே நிஜமாகத் தெரிந்தது. உள்ளே நுழைந்தாள். கதவு சாத்திக்கொண்டது. டைரக்டர், "மச்சான், நீ இப்ப வராதே, எண்ணிக்கோ, பத்து வரைக்கும் எண்ணிட்டு வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் தோளுக்குப் பக்கத்தில், மரத்துக்குள்ளிருந்து தட்டு கேட்டது. இரண்டு. நிறுத்தி, இரண்டு.

யோசிக்கவே இல்லை. பாய்ந்து கதவைத் திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. குளிர்ந்த காற்று என் முகத்தில் பட்டது. பழைய சுண்ணாம்பும் ஈரமும் கலந்த வாடை. மச்சான் எட்டு வரை எண்ணியிருந்தார். மேக்கப் பொண்ணு பேயைவிட வேகமாக வந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். டைரக்டர் சிரிக்கவில்லை. கேமராவை இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா பக்கத்து அறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். போன வேகத்தில் பலகையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாளாம். பலகையைப் பார்த்துக்கொள்ள அங்கே நின்றிருந்த தச்சரும் ஆமாம் என்றார். என்னைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப் போனாள்.

"நான் தட்டலடி."

கேட்டது என்று சொன்னேன். நம் தட்டுதான், அதே இடைவெளி என்றேன்.

எனக்குக் காது கோளாறு, தூக்கம் போதாது என்று அவள் திட்டுவாள் என நினைத்தேன். அதற்குப் பதில் என் கன்னத்தில் ஒட்டியிருந்த பௌடரைத் துடைத்துவிட்டாள். இது அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேடம், இன்னொரு தடவை நான் குறுக்கே விழுந்தால் இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார்கள் என்றாள். "இன்னிக்கு மட்டும் தட்டு கணக்கில இல்ல. உள்ள இருந்து என்ன கேட்டாலும் நீ அசையக் கூடாது. என் மேல சத்தியம்."

ஒரு சத்தியத்தின் மேல் இன்னொரு சத்தியம் செய்தேன்.

இரண்டாவது டேக். அக்கா உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. இந்த முறை சாத்திய சத்தம் வேறாக இருந்தது. பெட்டி மூடியை அமுக்கி மூடியது போல, காற்று அடைபட்டு நின்றது.

இரண்டு தட்டு. நிறுத்தி, இரண்டு.

நான் என் முழங்காலைக் கட்டிக்கொண்டேன். அது அக்கா இல்லை, அவள் இந்நேரம் அந்தப் பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மறுபடி தட்டியது. இந்த முறை டைரக்டருக்கும் கேட்டுவிட்டது. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "தட்ட வேணாம்மா, அந்தச் சத்தத்தை அப்புறம் போட்டுக்கலாம், நீ வெளிய போ" என்றார்.

அவருக்கும் கேட்கிறதென்றால் என் காது கோளாறு இல்லை.

மச்சான் பத்து வரை எண்ணிவிட்டு ஓடி வந்து கதவை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஆறு நாளாகச் செல்போனுக்கு உறை மாட்டுகிற முகத்தோடு நடித்தவர் முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது. டைரக்டர் பரவசமாகிவிட்டார்.

"அப்படித்தான் மச்சான், விடாதே, இழு."

"வர மாட்டேங்குதுடா. நிஜமா வர மாட்டேங்குது."

"இந்த டயலாக் நல்லா இருக்கு, இன்னொரு தடவை சொல்லு."

உள்ளே தட்டு நிற்கவில்லை. ஆனால் தேய்ந்துகொண்டே வந்தது. முதல் இரண்டு கேட்டது. அடுத்த இரண்டு விரல் நகம் மரத்தில் படுகிற அளவுக்குத்தான் இருந்தது. நான் எழுந்து பக்கத்து அறைக்கு ஓடினேன். அங்கே அக்கா இல்லை. தச்சர் பின்பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் கையாலேயே அறுத்துக் கீல் போட்ட பலகை அது. இப்போது அறுத்த கோடே தெரியவில்லை. சுவர் முழுக்க ஒரே பலகை போல வழவழவென்று இருந்தது. கீல் இருந்த இடத்தைத் தடவித் தேடிக்கொண்டு, இங்கேதானே வைத்தேன், இங்கேதானே வைத்தேன் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி ஓடி வந்தேன். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டர் பேசிக்கொண்டிருந்தார், மச்சான் அழுதுகொண்டே இழுத்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் எல்லாம் நிற்கும். அதைச் சொல்ல ஒருவருக்குத்தான் உரிமை. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சிரித்த ஞாபகம் வந்தது.

"கட்" என்று கத்தினேன்.

என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. டைரக்டரின் பேச்சு நின்றது. மச்சான் கையை விட்டார். தட்டும் நின்றது.

யாரும் தொடாமல் அலமாரிக் கதவு மெல்லத் திறந்தது.

அக்கா உள்ளே நின்றிருந்தாள். மயங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. இரண்டு கையும் தொடையோடு ஒட்டி நேராகத் தொங்கின. கண் திறந்திருந்தது. நான் இன்ஹேலரை நீட்டினேன். வாங்கினாள். எந்தப் பக்கத்தை வாயில் வைப்பது என்று தெரியாதவள் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் கையிலேயே திருப்பித் தந்தாள்.

"ஒண்ணுமில்ல, தங்கச்சி" என்றாள்.

டைரக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ஷாட்டை அப்படியே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். பின்பலகை ஏன் திறக்கவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. தச்சர் மறுபடி போய்ப் பார்த்தபோது கீலும் கோடும் பழையபடி இருந்த இடத்திலேயே இருந்தன. அவர் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டார்.

மீதி நாலு நாளும் அக்கா நடித்த நடிப்பைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஒரே டேக்கில் முடித்தாள். இமை கொட்டச் சொன்னால் கொட்டினாள், வேண்டாமென்றால் டேக் முடியும் வரை கொட்டவில்லை. எனக்கு மட்டும் அவளுக்கு மேக்கப் போட முடியவில்லை. கருவளையம் வரைந்தால் சற்று நேரத்தில் மறைந்துவிடும், தோல் குடித்துவிட்டது போல. கழுத்துத் தடத்தை வரைய வேண்டிய தேவையே இல்லை. அது தானாகவே இருந்தது. ஒவ்வொரு இரவும் எங்கள் வீட்டில் எனக்குப் பக்கத்தில் படுப்பாள். பிறந்ததிலிருந்து நான் கேட்டுத் தூங்கிய அந்த மெல்லிய இழுப்புச் சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை.

அலமாரிக்குள் தட்டினாயா என்று ஒரு நாள் கேட்டேன். "நான் எதுக்குத் தட்டணும்?" என்றாள். அப்போதுதான் அதைப் பார்த்தேன். உதடு அசைந்து முடிந்த பிறகுதான் கடைசிச் சொல் வந்தது. டப்பிங் சரியாகப் பொருந்தாத படத்தில் வருவது போல, ஒரு நூலிழை பின்னால். அதற்குப் பிறகு அவள் பேசும்போதெல்லாம் உதட்டையே பார்த்தேன். எப்போதும் அந்த நூலிழை இருந்தது. டைரக்டரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். என்னவென்று சொல்வது? சத்தம் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்பார்.

கடைசி நாள் மத்தியானம் கறுப்புத் துணிகளைக் கிழித்து இறக்கினார்கள். பத்து நாள் தூசி அறை முழுவதும் பறந்தது. நாங்கள் எல்லோரும் இருமினோம். இழுப்புக்காரியான என் அக்கா அந்தத் தூசிக்கு நடுவில், கொட்டும் வெயிலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் மாடிக்குப் போனேன். அலமாரி சாத்தியிருந்தது. பக்கத்தில் குந்தி, விரல் முட்டியால் தட்டினேன். இரண்டு, பிறகு இரண்டு. காதை ஒட்டி வைத்துக்கொண்டேன். பதில் இல்லை. திறந்து பார்த்தேன். வெறும் பலகை. இப்போது உள்ளே குளிரவே இல்லை. மற்ற இடங்களைப் போலவே வெக்கையாக இருந்தது. உள்ளே இருந்தது இனி உள்ளே இல்லை என்று எனக்குப் புரிந்தது.

சாவி வாங்க வந்த வீட்டுக்காரர் மாடியறை வாசலில் நின்றார். அறுந்து கிடந்த கயிற்றைப் பார்த்தார்.

"எத்தனை தடவை சாத்தினீங்க?" என்று கேட்டார்.

படத்துக்காக இரண்டு தடவை என்றேன். முதல் தடவை நான் உடனே திறந்துவிட்டேன், இரண்டாவது தடவைதான் தாமதம் என்றேன். அவர் கீழே இறங்கினார். டைரக்டருக்குக் கை கொடுத்தார், மச்சானுக்குக் கை கொடுத்தார். அக்கா கையை நீட்டியபோது சாவியைத் தேடுவது போலத் தலையைக் குனிந்துகொண்டு பையைத் துழாவினார். அவள் வேனில் ஏறும் வரை நிமிரவே இல்லை.

வேனில் நானும் அவளும் கடைசி இருக்கையில் உட்கார்ந்தோம். முன்னால் டைரக்டரும் மச்சானும் படத்துக்குப் பேர் வைப்பதில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டறை போனது, பள்ளிக்கூடம் போனது, தெரு முடிந்தது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, வெயிலை வாழ்க்கையில் முதல் தடவை பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவர் மடியிலும் மடித்த கறுப்புத் துணி கிடந்தது. அவள் கை அதற்கு அடியில் இருந்தது.

என் மணிக்கட்டில் ஏதோ பட்டது. வேன் குலுங்கியதில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். மறுபடி பட்டது. ஒரு விரல். மிக மெதுவாக, பெரிய பாரத்தைத் தூக்குவது போல எழும்பி என் தோலில் விழுந்தது.

இரண்டு. நிறுத்தி, இரண்டு.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அது ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது. அந்த விரலுக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

எந்தக் கதவாக இருந்தாலும் திறப்பேன் என்று ஏழு வயதில் சொன்னேன். இதற்குத் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. துணிக்கு அடியில் அந்தக் கையைத் தேடிப் பிடித்தேன். ஐஸ் போல இருந்தது. என் விரலால் அவள் உள்ளங்கையில் திருப்பித் தட்டினேன். இரண்டு, பிறகு இரண்டு. கேட்டுவிட்டது, இங்கேதான் இருக்கிறேன் என்று.

முகம் என் பக்கம் திரும்பியது. உதடு அசைந்து மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு குரல் வந்தது.

"கை வலிக்குது. விடு, தங்கச்சி."

நான் விடவில்லை.